வாலிலிருந்து வாசித்த மஸூதா

மாத்தளையில் நான் மருந்து விற்கும் பாமசி வைத்திருக்கும் வீதியில், ஆஸ்பத்திரி வாசலை ஒட்டி ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. இரண்டு கொப்பி மெஷின், ஒரு லெமினேட் மெஷின், ஆட்கள் உட்கார ஒரு நீட்டு வாங்கு, அவ்வளவுதான். அங்கே டொக்டர் கிடையாது. மருந்து கிடையாது. பிரஷர் பார்க்கிற கருவிகூடக் கிடையாது. ஆனாலும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருகிற சனத்தில் பாதி, வீதியைக் கடந்து என்னிடம் வருமுன் அங்கேதான் நுழையும். கடைக்காரி மஸூதாவிடம் கார்டை நீட்டி, "தாத்தா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கும். இங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். மஸூதாவை ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

நான் சாவகச்சேரியிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவன். பெயர் ஆறுமுகநாதன். முப்பத்தொரு வருடம் அரசாங்க மருந்தாளனாக இருந்து பென்ஷன் எடுத்தவன். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய மஸூதாவிடம் கேட்கிறார்கள். எரிச்சல் வருமா, வராதா?

இந்த ஊர் ஆட்களுக்கு டயக்னோசிஸ் கார்ட் என்பது காணி உறுதிக்கு அடுத்த பத்திரம். வார்ட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற அந்த மட்டையை முதலில் மூன்று கொப்பி எடுப்பார்கள். பிறகு லெமினேட் பண்ணுவார்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் அதில் ஏதாவது எழுதப் பார்த்தால் பேனை வழுக்கும். டொக்டர் ஏசுவார். ஏச்சை வாங்கிக்கொண்டு வந்து, அவர் கொடுத்த புதுக் கார்டையும் லெமினேட் பண்ணுவார்கள். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஒரு சனமும் கேட்பதாக இல்லை.

உள்ளே எழுதியிருப்பது இங்கிலீசு. சரியாகச் சொன்னால் இங்கிலீசும் இல்லை. டொக்டர் சிங்களத்தில் பேசுகிறார், நோயாளிக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும், ஆனால் கார்டில் இருக்கிற சொல் இரண்டு பேர் வீட்டிலும் புழங்காத சொல். கிரேக்கத்தில் ஒரு துண்டு, லத்தீனில் ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டியது. போனில் போட்டால் தமிழ் வரும்தானே என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் சொல்லும். வரும். 'கோலிசிஸ்டெக்டமி' என்று அடித்தால், அதே 'கோலிசிஸ்டெக்டமி'யைத் தமிழெழுத்தில் அழகாகத் திருப்பித் தரும்.

மஸூதா இந்தக் காரியத்தில் இறங்கியது விளையாட்டுக்கு இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கடை அவளுடைய புருஷன் பஸீருடையது. அவர் நெடுநாள் சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு நோயாளி. ஒன்பது வருடத்துக்கு முன் கடையிலேயே மயங்கி விழுந்து, மூன்று நாள் வார்ட்டில் இருந்துவிட்டு வீடு வந்தார். கார்டில் 'ஹைப்போகிளைசீமியா' என்று இருந்தது. மஸூதா அதைக் கொண்டுபோய்த் தெரிந்த ஒருவரிடம் காட்டினாள். கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சீனி, ஆகவே சீனிப் பிரச்சினை என்று அவர் அரைகுறையாகச் சொல்லி அனுப்பினார். சீனிப் பிரச்சினைதானே என்று இவள் தேத்தண்ணியில் போடுகிற அரைக் கரண்டிச் சீனியையும் நிறுத்தினாள். சோற்றைக் குறைத்தாள். சீனியைக் குறைக்கிற இன்சுலின் ஊசியை மட்டும் நேரம் தவறாமல் போட்டாள். நாலாம் நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினபோது பஸீர் எழும்பவில்லை.

'ஹைப்போ' என்றால் குறைவு. சீனி கூடவில்லை, குறைந்து போயிருந்தது. இதை மஸூதா ஜனாஸா எடுத்து அடக்கிய பிறகுதான் அறிந்தாள். சொன்னவன் நான். அப்போது நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்தேன். அவள் கார்டை நீட்டி அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்து கடையைத் திறந்த அன்றே அவள் ஒரு தடித்த சீ.ஆர். எழுதுகொப்பி வாங்கினாள். கொப்பி எடுக்க வருகிற ஒவ்வொரு கார்டிலும் உள்ள சொற்களை எழுதி, துண்டு துண்டாகப் பிரிக்கத் தொடங்கினாள். இருபது கார்டில் 'ஐட்டிஸ்' என்று முடிகிற சொல் வந்தால், அந்த இருபது பேருக்கும் பொதுவாக என்ன என்று விசாரிப்பாள். அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தது. 'மெகலி' என்றால் அளவுக்கு மேல் பெருத்தது. முன்னால் 'ஹெப்பட்டோ' வந்தால் ஈரல், 'நெஃப்ரோ' வந்தால் சிறுநீரகம். இப்படி இரண்டு வருடத்தில் கொப்பி நிறைந்தது. கிரேக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத மனுசி, கிரேக்கத்தைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டாள்.

"கோலி எண்டா பித்தம். சிஸ்ட் எண்டா பை. எக்டமி எண்டா எடுத்துட்டாங்க. வாப்பாட பித்தப்பைய எடுத்திருக்காங்க, வேற ஒண்ணுமில்ல" என்பாள். கேட்டவர் முகத்தில் இரத்தம் திரும்பி வரும். நடைபாதையில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, சொல்லின் வாலில் விரலை வைத்துப் பின்னாலிருந்து முன்னால் நகர்வாள். ஏன் இப்படித் தலைகீழாக வாசிக்கிறீர் என்று ஒருநாள் கேட்டேன்.

"நாங்க குர்ஆன் ஓதுறது எந்தப் பக்கத்தால சேர்? எங்களுக்கு அது லேசுதான்" என்றாள்.

பெரிய வேடிக்கை என்னவென்றால், அதுதான் சரியான முறை. வாலைப் பிடித்தால் என்ன நடந்திருக்கிறது என்பது தெரியும். தலையைப் பார்த்தால் எங்கே நடந்திருக்கிறது என்பது தெரியும். கொழும்பில் நான் காசு கட்டிப் படித்தபோது இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சந்தேகமான சொல் வந்தால் மஸூதா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மருந்து வாங்க என்னிடம் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவாள். 'சேர், இது சரியா?' சரியென்றால் சரி போடுவேன். பிழையென்றால் வெட்டி எழுதுவேன். நோயாளி அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி வீதியைக் கடப்பார். அந்தத் துண்டுகளை அவள் கொப்பியில் பசை போட்டு ஒட்டி வைப்பாள். கிளினிக் நாளில் பத்துத் துண்டு வரும். மருந்துக் குளிசை எண்ணிக்கொண்டிருப்பேன், எண்ணிக்கை தவறிவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். எனக்கு என்ன சம்பளமா தருகிறார்கள் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே சரி போட்டுக் கொடுப்பேன்.

போன மே மாதம் பல்லேகமவிலிருந்து ஸெய்னுலாப்தீன் என்ற விவசாயி வந்து, என் மேசையில் மருந்துப் பையைக் கொட்டினார்.

"நீங்க தந்த மருந்து சரியில்ல. வயிறு எரியுது" என்றார்.

"வேறை ஏதாவது போட்டனீங்களோ?"

"மனுசிட குளிசைய நாலு நாளாப் போடுறேன்."

"ஏன்?"

"என்ட கார்ட்ல கேஸ்ட்ரைட்டிஸ். அவட கார்ட்ல ஆர்த்ரைட்டிஸ். ரெண்டுக்கும் வால் ஒண்ணுதான். மஸூதாட கொப்பில நானே பார்த்தேன், ரெண்டும் அழற்சி. ஒரே அழற்சிக்கு ரெண்டு மருந்து எதுக்கு?"

மூட்டு வலிக்குப் போடுகிற குளிசை இரைப்பை அழற்சிக்காரனுக்கு நெருப்பில் எண்ணெய். இரத்தவாந்தி எடுக்காமல் மனுசன் நடந்து வந்ததே பெரிய காரியம். அந்த நேரம் பார்த்து இன்னொரு அம்மா ஒரு துண்டை நீட்டினார். 'சேர், இது சரியா?' கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. குளிசைத் தட்டை அப்படியே போட்டுவிட்டு வீதியைக் கடந்தேன். கடை நிறைய ஆட்கள்.

"நீர் என்ன டொக்டரோ?" என்று கத்தினேன். "ஆளுக்காள் அரைகுறையாச் சொல்லி அனுப்பி எத்தனை பேரைக் கொல்லப்போறீர்? சொந்தப் புருஷனைச் சாகக் குடுத்த பிறகும் உமக்குப் புத்தி வரேல்லையோ?"

கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். வாங்கில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மஸூதா மெஷினின் மூடியை மெதுவாக மூடினாள்.

"சரி சேர். இனி உங்களைக் கரைச்சல் படுத்தமாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அன்றிலிருந்து ஒரு துண்டும் வரவில்லை. வாசிப்பதை நிறுத்தினாளா என்றால், இல்லை. என்னிடம் கேட்பதை மட்டும் நிறுத்தினாள். வீதியில் கண்டால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மற்றப் பக்கம் பார்ப்பாள். எனக்கு முதல் இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தது. குளிசை எண்ணிக்கை தவறவில்லை. நான் சொன்னது சரிதான், கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லோஜன் என் கடைக்கு வந்தான். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பிள்ளை, இருபத்தாறு வயது. சீகிரியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. சொறிக்கு ஒரு கிரீமும் ஒரு கார்ட் பனடோலும் கேட்டான்.

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க ஐயா. அடிக்கடி காய்ச்சலடிக்குது. உடம்பெல்லாம் சொறியுது. ராவுல வேர்த்து பெனியன் நனைஞ்சிருதுங்க. டூரிஸ்ட் சீசன்தானுங்களே, தூக்கமும் இல்ல."

ஆள் மெலிந்திருந்தான். சேர்ட் கொலருக்கு மேலே, கழுத்தில், ஆறிப்போன ஒரு சின்ன வெட்டுக் காயம். அதற்குப் பக்கத்தில் இரண்டு புடைப்பு.

"கழுத்திலை என்ன?"

"அது ஒரு கட்டிங்க. ஜூன்ல வெட்டி டெஸ்டுக்கு அனுப்புனாங்க. ரிப்போர்ட்டும் வந்திருச்சு. கொழுப்புக் கட்டி மாதிரி ஒண்ணுதானாம். கொப்பி எடுக்கப் போனப்ப மஸூதா தாத்தா பார்த்துச் சொன்னாங்க, பயமில்லேன்னு."

ரிப்போர்ட்டின் படம் அவன் போனில் இருந்தது. விரலால் பெருப்பித்துக் காட்டினான். ஹொட்ஜ்கின் லிம்போமா.

"இதைக் கிளினிக்கிலை காட்டினீரோ?"

"செவ்வாய்க்கிழமை கொண்டாரச் சொன்னாங்கய்யா. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஹோட்டல்ல வேலைக்குச் சேர வேண்டிய நாள். பயமில்லேன்னுட்டாங்களே, அதனால போகல."

"போனிலை தேடியும் பாக்கேல்லையோ?"

"தேடினா தலையிடிக்கும் கேன்சர்னுதானே வருதுங்க!" என்று சிரித்தான். "இதுக்கும் அதான் வந்துச்சு. சிரிச்சிட்டு விட்டுட்டேன்."

அவன் அந்தச் சொல்லை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! எனக்கு அது தொண்டையைத் தாண்டவில்லை. நம் ஆட்கள் அதை வாயால் சொல்வதில்லை. 'கூடாத வருத்தம்' என்போம். 'அந்த வருத்தம்' என்போம். முப்பத்தொரு வருட சேவையில் ஒரு நோயாளிக்குக்கூட நான் அதைச் சொன்னது கிடையாது. அது டொக்டர்மாரின் வேலை என்று ஒதுங்கியே இருந்துவிட்டேன். லிம்போமா நிணநீர்க் கழலையில் வருகிற புற்றுநோய். அதிலும் ஹொட்ஜ்கின் வகைக்கு மருந்து நன்றாக வேலை செய்யும், வேளைக்குத் தொடங்கினால். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் சொன்னது இவ்வளவுதான்:

"ஒருக்காக் கிளினிக்குக்குப் போய்க் காட்டினால் நல்லது, தம்பி."

"சீசன் முடியட்டுங்க ஐயா. ஒக்டோபர்ல பார்ப்போம்."

கிரீமையும் பனடோலையும் பையில் போட்டுக் கொடுத்தேன். அவன் தம்புள்ள பஸ் பிடிக்கப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை. பிறகு கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று யோசிக்க நேரமில்லாமல், மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி வீதியைக் கடந்தேன்.

"ஜூன் மாதம் லோஜன் எண்ட பிள்ளைக்கு என்ன வாசிச்சுச் சொன்னீர்?" என்று கேட்டேன்.

மஸூதாவுக்கு உடனே நினைவு வந்தது. "லிம்ப் எண்டா நிணநீர். ஓமா எண்டா கட்டி. ஏன் சேர்?"

"அது கட்டி மட்டுமில்லை. அது அந்த வருத்தம்."

அவளுக்கு விளங்கிவிட்டது. கொப்பியை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள். 'ஓமா – கட்டி. பயமில்லை' என்று எழுதியிருந்தது. கீழே மூன்று துண்டுகள் ஒட்டியிருந்தன. லைப்போமா, கொழுப்புக் கட்டி, பயமில்லை, சரியா? ஃபைப்ரோமா, நார்க் கட்டி, பயமில்லை, சரியா? ஃபைப்ரோஅடினோமா, மார்புக் கட்டி, பயமில்லை, சரியா? மூன்றிலும் பச்சை மையில் சரி போட்டிருந்தது. என் பேனை.

மூன்றும் சரிதான். அந்த மூன்று பேருக்கும் பயமில்லைதான். மூன்றிலும் வால் ஒன்றாக இருந்ததால், பயமில்லை என்பதும் வாலுக்குள் இருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். 'ஓமா' என்பது கட்டி என்று மட்டும்தான் சொல்லும். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்பதை லிம்போமா என்ற சொல்லின் எந்தத் துண்டிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவனிடம் கேட்டால்தான் உண்டு. கேட்க வேண்டிய ஆளை நான் கத்தி வாயடைத்து வைத்திருந்தேன்.

"ஹொட்ஜ்கின்ன பிரிச்சுப் பார்த்தேன் சேர், பிரியல்ல. யாரோ ஆள்ட பேர்னு நினைச்சேன்."

"ஆளின்ரை பேர்தான்."

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத் துண்டு எழுதினேன். எழுதிட்டுக் கிழிச்சுப் போட்டேன்" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதைவிட என் கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? நீங்க சொன்னீங்களா?"

"கிளினிக்குக்குப் போகச் சொன்னன்."

"அது சொன்னதா சேர்?"

அவள் இரண்டு மெஷினையும் நிறுத்தினாள். கிளினிக் நாள், வாங்கு நிறைய ஆட்கள், கையில் கார்டும் சீட்டுமாக வரிசை வாசல் வரை. எல்லாரையும் எழுப்பினாள். "என்ன தாத்தா, இந்த நேரத்துல?" என்று சனம் கத்தியது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன். என் கடையைத் திறந்து போட்டது பஸ் நாவுல ஊரைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது. போனில் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டச் சொன்னேன்.

பஸ்ஸில் அவளுக்குப் புத்தி சொல்லப் பார்த்தேன். "எடுத்த வீச்சிலை சொல்ல வேண்டாம். இன்னுமொரு டெஸ்ட் எடுக்க வேணும் எண்டு மெதுவாத் தொடங்குவம். மிச்சத்தை டொக்டர் சொல்லட்டும்."

"எனக்கும் மெதுவாத்தான் சொன்னாங்க சேர். சீனிப் பிரச்சினைன்னு" என்றாள். தம்புள்ளயில் பஸ் மாறினோம்.

லோஜன் வேலை செய்கிற சீகிரியா ஹோட்டலின் பின் கேட்டில் செக்குரிட்டியிடம் மஸூதாதான் சிங்களத்தில் பேசினாள். வீட்டிலிருந்து அவசரமாக வந்திருக்கிறோம் என்று சொன்னாள். பத்து நிமிடத்தில் லோஜன் வெள்ளைக் கோட்டோடு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். அம்மாவுக்கு ஏதோ என்று பயந்திருக்க வேண்டும். எங்களைக் கண்டதும் விளங்காமல் நின்றான்.

"அம்மாக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் பிழையாச் சொல்லிட்டேன், லோஜன். அது கொழுப்புக் கட்டியில்ல, கேன்சர்" என்றாள் மஸூதா. "மருந்து இருக்கு. சுகமாகும். ஆனா நாள் கடத்த ஏலாது. சேர்தான் பிழையைக் கண்டுபிடிச்சாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி பயமில்லேன்னீங்க. இன்னைக்கு வந்து கேன்சர்ங்கிறீங்க. நீங்க என்ன டொக்டருங்களா?" என்று லோஜன் கத்தினான். செக்குரிட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல. அதைத்தான் சொல்றேன். என்ட பேச்ச நம்பவேணாம். வெள்ளிக்கிழமையும் கிளினிக் இருக்கு, ரிப்போர்ட்டக் கொண்டுபோய் டொக்டர்ட்ட காட்டுங்க. நான் சொன்னது பொய்யாப் போனா கடை வாசல்ல வந்து என்னை ஏசுங்க. நான் கேட்டுக்கிறேன்."

அவன் உள்ளே போய்விட்டான். திரும்பி வருவான் என்று ஒரு மணித்தியாலம் அந்தக் கேட்டருகே வெயிலில் நின்றோம். வரவில்லை. கடைசியில் செக்குரிட்டிக்காரரே பாவப்பட்டு, பஸ் வருகிறது, போங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை வருகிற வரை நான் எத்தனை பேருக்குப் பிழையாகக் குளிசை எண்ணினேனோ தெரியாது. அன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து மஸூதா கடை வாசலில் நின்றாள், நான் என் கடை வாசலில் நின்றேன். எட்டரைக்கு லோஜனும் தாய் நேசம்மாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். இரண்டு கடையையும் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குள் போனார்கள். மஸூதா வாங்கில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்ததில் கழுத்தின் இரண்டு பக்கமும், நெஞ்சுக்குள்ளும் இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் என்று டொக்டர் சொன்னாராம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும், பன்னிரண்டு முறை. ஜூனிலேயே போயிருந்தால் நெஞ்சுக்குள் போயிருக்காதா என்று மஸூதா என்னைக் கேட்டாள். சொல்ல ஏலாது என்றேன். அது உண்மை. ஒருவராலும் சொல்ல ஏலாது, ஆகவே அவளும் நானும் அதை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவள் கொப்பியில் பக்கம் பக்கமாகப் போய் 'பயமில்லை' என்று எழுதிய இடமெல்லாம் கறுப்பு மையால் அடித்தாள். இப்போது யார் கார்டை நீட்டினாலும், "இது என்னன்னு சொல்வேன். பயமா இல்லையான்னு டொக்டர்ட்ட கேக்கணும்" என்கிறாள். சனத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் கேட்க வருவதே அந்த ஒன்றைத்தான். முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். சிலர் நேரே என்னிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்க ஐயா" என்று நிற்கிறார்கள்.

போன மாதம், நாலாவது மருந்து ஏற்றிக்கொண்டு கண்டியிலிருந்து வருகிற வழியில், நேசம்மா என் கடை முன்னால் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கையில் ஒரு பை நிறையத் தோட்டத்து அவரைக்காய். அதை என் மேசையில் வைத்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயா இல்லாட்டி எம் புள்ளைய நான் பறிகொடுத்திருப்பேன். நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாம். சாமி மாதிரி இருந்தீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பி, எதிர்க் கடையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "படிக்கத் தெரியாட்டி தெரியலேன்னு சொல்லணும்! ஒரு உசிரோட வெளையாட இவளுக்கு யாரு உரிமை குடுத்தது? ரெண்டு மாசம்! ரெண்டு மாசம் எம் புள்ளைக்கு நஞ்சு உள்ள வளர்ந்துச்சே!"

வீதி முழுவதும் கேட்டது. மஸூதா ஒரு கையில் யாருடைய கார்டையோ பிடித்தபடி கடை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னவள், கேட்டுக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். ஒரு வசனம் சொன்னால் போதும், நேசம்மா நிறுத்தியிருப்பாள்.

ஓட்டோவிலிருந்து லோஜன் மெதுவாக இறங்கினான். தொப்பிக்குக் கீழே தலையில் ஒரு மயிர் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பிறகு வந்து என் மேசையிலிருந்த பையை எடுத்தான்.

"ஏன்டா எடுக்கிற? அது ஐயாவுக்கு."

"ஐயாவும் அந்த ரிப்போர்ட்டப் பார்த்தாரும்மா" என்றான் லோஜன். "அது என்னன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பனடோல் குடுத்து அனுப்பினாரு. தாத்தாவுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே கடையப் பூட்டிட்டு ஹோட்டலுக்கு வந்து சொன்னாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு அவன் வீதியைக் கடந்தான். நேசம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் இல்லை என்று சொல்வேன் என்று காத்துக்கொண்டு. நான் சொல்லவில்லை.